எடை ஏன் ஏறுகிறது? தைராய்டு சந்தேகம் வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சித்திரைத் திருவிழாவுக்கு முன்பே ரவிக்கைத் துணியைத் தைக்கக் கொடுத்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். எங்கள் தையல்காரரிடம் ஒரு நீள நோட்டு உண்டு. பெயர், தேதி, மார்பு, இடுப்பு, கைச்சுற்று எல்லாம் அதில் பென்சிலால் எழுதியிருக்கும். ஓர் ஆண்டு அவர் பழைய பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, கைச்சுற்றே ஒன்றரை அங்குலம் கூடியிருக்கிறது, பழைய அளவுக்குத் தைத்தால் பிரித்துத்தான் விட வேண்டும்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. இரவில் சோற்றை விட்டே ஐந்து மாதம் ஆகியிருந்தது. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று மாமியார் வைத்துத் தந்த கொள்ளு ரசத்தையும் விடாமல் குடித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு மருத்துவர், "எப்போதிலிருந்து உடம்பு போடுகிறது?" என்று கேட்டபோது, நாள் கிழமையோடு பதில் சொல்ல என்னிடம் இருந்த ஒரே சான்று அந்தத் தையல் நோட்டுதான்.

எனக்குத் தைராய்டு குறைவு என்று தெரிய ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. 58 கிலோவில் இருந்தவள் 69 கிலோவுக்கு வந்துவிட்டேன். அந்த இரண்டு ஆண்டுகளில் நான் செய்த தவறுகளையும், யாராவது முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று பின்னால் நினைத்தவற்றையும் வரிசையாக எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. மருத்துவரிடம் எப்படிப் போவது, என்ன கேட்பது, எந்தத் தாளில் எதைப் பார்ப்பது என்பதுவரைதான் என் எல்லை.

முதலில் ஒரு சொல்லைத் திருத்திக்கொள்வோம். "எனக்குத் தைராய்டு இருக்கிறது" என்று நம் பக்கத்தில் சொல்கிறோம். எல்லோருக்கும்தான் இருக்கிறது. கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்தாற்போல மூச்சுக்குழாயை ஒட்டியிருக்கும் சுரப்பியின் பெயர் அது. அது சுரக்கும் தைராக்ஸின் குறைந்துபோனால் உடம்பின் எல்லா வேலையும், அடுப்பைச் சிம்மில் வைத்தது போல, மெதுவாகிவிடுகிறது. குடல் மெதுவாக நகர்கிறது, இதயம் மெதுவாகத் துடிக்கிறது, நினைவுகூட மெதுவாகத்தான் வருகிறது. பெரும்பாலும் காரணம், நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அந்தச் சுரப்பியைத் தாக்குவது. ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ 1912இல் இதை விவரித்ததால் நோய்க்கு அவர் பெயர் வந்தது. பெண்களுக்கு அதிகம், ஆண்களுக்கும் வரும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். தைராய்டு குறைவினால் மட்டும் ஏறும் எடை பொதுவாக இரண்டிலிருந்து ஐந்து கிலோதான். அதிலும் பெரும்பங்கு உடம்பில் தங்கும் உப்பும் நீரும். இருபது கிலோ ஏறியவர், மாத்திரை போட்டதும் இருபதும் இறங்கும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். எனக்கும் ஏறிய பதினொன்றில் மாத்திரையால் இறங்கியது நான்கு.

முதல் வேலை: ஒரு நோட்டு வாங்குங்கள்

பரிசோதனைக்கு ஓடும் முன் இரண்டு வாரம் எழுதுங்கள். பத்து ரூபாய் நோட்டு போதும். மருத்துவர் உங்களுக்கு ஒதுக்கும் நேரம் ஐந்து நிமிடம் என்றால், அதில் நான்கு நிமிடம் "அது வந்து டாக்டர், எப்படிச் சொல்வது" என்பதிலேயே போய்விடும். எனக்கு அப்படித்தான் போனது. எங்கள் பகுதி கிளினிக் ஒன்றில், "வயது ஆகிறது இல்லையா, வாயைக் கட்டுங்கள்" என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள். அவர்கள்மீது முழுப் பழியையும் போட மாட்டேன். நான் அங்கே சொன்னது "உடம்பு போடுகிறது" என்ற இரண்டே சொல். குளிர்வதையும் மலச்சிக்கலையும் மாதவிலக்கு பத்து நாள் நீள்வதையும் சொல்லவே இல்லை. அவை தனித்தனி விஷயங்கள் என்று நினைத்திருந்தேன்.

எடையை வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். காலையில் கழிப்பறை போய் வந்த பிறகு, எதுவும் சாப்பிடும் முன், ஒரே கருவியில், ஏறக்குறைய ஒரே உடுப்பில் பாருங்கள். தினமும் ஏறி நிற்காதீர்கள்; முந்தின இரவு தின்ற ஊறுகாயின் உப்பே மறுநாள் அரைக் கிலோ காட்டிப் பயமுறுத்தும். இடுப்புச் சுற்றளவையும் தையல் டேப்பால் அளந்து எழுதுங்கள். நம் நாட்டவருக்குப் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பது கணக்கு.

எண்களை விட முக்கியமானது மற்ற மாற்றங்கள். பங்குனி வெயிலில் வீடே விசிறியோடு மல்லாடும்போது உங்களுக்கு மட்டும் போர்வை வேண்டியிருக்கிறதா? மதுரையில் இருந்துகொண்டு குளிர்கிறது என்று சொன்னால் சிரிப்பார்கள். என்னைப் பார்த்தும் சிரித்தார்கள். ஆனால் என் நோட்டில் மருத்துவர் முதலில் விரல் வைத்த வரி அதுதான். மலச்சிக்கல், தோல் வறட்சி, சீப்பில் கொத்தாக வரும் முடி, காலையில் கண்ணைச் சுற்றி வீக்கம், குரல் கம்மிப்போவது, கெண்டைக்கால் பிடித்துக்கொள்வது, இரவில் உள்ளங்கை மரத்துப்போவது, புதிதாகக் குறட்டை, காரணமில்லாத மனச்சோர்வு, மாதவிலக்கில் அதிகப் போக்கு. இவற்றில் எது, எப்போது தொடங்கியது என்று எழுதுங்கள். தேதி நினைவில்லை என்றால் நிகழ்ச்சியோடு முடிச்சுப் போடுங்கள்: மீனாட்சி கல்யாணத்துக்கு முன்பா பின்பா, தீபாவளிக்கு வாங்கிய சேலை ரவிக்கை பொங்கலுக்குப் பிடித்ததா. கைபேசியில் இருக்கும் பழைய கல்யாணப் படங்களும் உதவும். முகம் எந்த ஆண்டு உப்பியது என்று அவை பொய் சொல்லாமல் காட்டும்.

வீட்டில் தாய், பெரியம்மா, உடன்பிறந்தவர்கள் யாருக்காவது தைராய்டு தொல்லை, கழுத்துக் கழலை, சிறுவயதில் வந்த சர்க்கரை, வெண்புள்ளி இருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள். கேட்டால்தான் வெளியே வரும். என் பெரியம்மா பதினைந்து ஆண்டாக மாத்திரை போடுகிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "அதை எதற்கு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு" என்பது அவர் விளக்கம்.

வீட்டிலேயே பார்க்கக்கூடியவை

கண்ணாடி முன் நின்று, முகவாயைச் சற்று உயர்த்தி, ஒரு மிடறு தண்ணீர் விழுங்குங்கள். கழுத்தின் அடியில் புடைப்பு ஏதாவது விழுங்கும்போது மேலே ஏறி இறங்குகிறதா? இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டாலும் தைராய்டு குறைவு இருக்கலாம்.

காலையில் எழுந்து உட்கார்ந்தபடி ஒரு நிமிடம் முழுக்க நாடித் துடிப்பை எண்ணி நோட்டில் எழுதுங்கள்; தைராய்டு குறைந்தால் துடிப்பும் மெதுவாகும். பிறகு முழங்காலுக்குக் கீழே, முன்எலும்பின் மீது கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்தி எடுங்கள். பரோட்டா மாவில் விரல் வைத்தது போலக் குழி அப்படியே நிற்கிறதென்றால், அது சிறுநீரகம், இதயம், கல்லீரல் பக்கம் பார்க்க வேண்டிய வீக்கமாக இருக்கலாம். சில நாட்களுக்குள் இரண்டு மூன்று கிலோ ஏறி, மூச்சும் வாங்கினால் நோட்டெல்லாம் வேண்டாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

பிடரியில் தோல் கறுத்துத் தடித்திருக்கிறதா? அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்கூட்டால் தேய்க்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். அது தேய்த்தால் போகாது. இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக அது பல நேரம் இருக்கும். சினைப்பை நீர்க்கட்டித் தொல்லையோடும் சேர்ந்து வரும்.

அடுத்து, நீங்கள் விழுங்கும் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போடுங்கள். மாத்திரை அட்டை, மூலிகைப் பொடி, சத்து மாவு, முடிக்கு வாங்கியது, தூக்கத்துக்கு வாங்கியது, ஒன்றையும் விடாதீர்கள். வலிப்புக்கும் மனநலத்துக்கும் தரும் சில மருந்துகள், இன்சுலின், ஸ்டீராய்டு மாத்திரைகள் எடையைக் கூட்டும். அதற்காக அவற்றைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. குறிப்பாக ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. மூட்டு வலிக்கும் மூச்சிரைப்புக்கும் பெயரில்லாத பொட்டலத்தில் கிடைக்கும் பொடி "கை கண்ட மருந்து" என்று பேரெடுத்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. முகம் நிலாப்போல வட்டமாகி, வயிறு பெருத்து, கை கால் மட்டும் மெலிந்து, வயிற்றில் ஊதா நிறக் கோடுகள் விழுந்தால் அந்தப் பொட்டலத்தை மருத்துவரிடம் காட்டாமல் இருக்காதீர்கள்.

எங்கே போவது

முதல் நாளே ஹார்மோன் சிறப்பு மருத்துவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. பொது மருத்துவர் போதும். செலவு கவலை என்றால், கோரிப்பாளையம் பக்கம் பனகல் சாலையில் இருக்கும் அரசு இராஜாஜி மருத்துவமனைக்குப் போகலாம். அந்தப் பெயரைச் சொன்னால் சிலருக்குப் புரியாது. "பெரியாஸ்பத்திரி" என்றால் எந்த நடத்துநரும் சரியான இடத்தில் இறக்கிவிடுவார். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிப் பொது மருத்துவப் பிரிவில் உட்காருங்கள். திங்கட்கிழமையையும், பண்டிகை விடுமுறைக்கு மறுநாளையும் தவிர்த்தால் கூட்டம் சற்றுக் குறைவு. உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கம் இருப்பவர்கள் முதலில் தங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் கேட்டுவிட்டு வருவது நல்லது. பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் மிச்சப்படும்.

உள்ளே போனதும் நோட்டை நீட்டுங்கள். பிறகு ஒரே கேள்வி: "இவ்வளவும் சேர்ந்து இருப்பதால் டி.எஸ்.எச். பார்க்கலாமா?" டி.எஸ்.எச். என்பது தைராய்டின் நிலையைச் சொல்லும் ரத்தச் சோதனை; விளக்கம் பின்னால் வருகிறது. நேராகக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. ஆண்கள் சிலர் இதைப் "பொம்பிளைகளுக்கு வருவது" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். லாரி ஓட்டும் என் அண்ணன் அப்படிச் சொல்லித்தான் ஓராண்டு கடத்தினார்.

ரத்தம் கொடுக்கும் நாள்

என் கதையில் எட்டு மாதம் வீணானது இங்கேதான்.

முடி கொட்டுகிறதே என்று மருந்துக்கடையில் கேட்டு ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். அதில் பயோட்டின் என்ற வைட்டமின் நிறைய இருந்தது. அதைக் காலையில் விழுங்கிவிட்டு ரத்தம் கொடுத்தேன். டி.எஸ்.எச். 3.9 என்று வந்தது. இயல்பு. தாளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, இன்னும் அரை வயிறு குறைத்தேன். எட்டு மாதம் கழித்து, அந்த மாத்திரை தீர்ந்த பிறகு, வேறொரு மருத்துவர் சொல்லி மறுபடி பார்த்தபோது 41. எட்டு மாதத்தில் நோயே முற்றியிருக்கலாம். ஆனால் முதல் எண்ணைப் பயோட்டின் இறக்கிக் காட்டியிருக்கும் என்பது அந்த மருத்துவரின் ஐயம். பல ஆய்வகங்கள் பயன்படுத்தும் முறையில் பயோட்டின் குறுக்கே புகுந்து டி.எஸ்.எச். அளவைக் குறைத்துக் காட்டும். தைராய்டு குறைந்ததால் முடி கொட்டுகிறது. முடிக்காகப் போடும் மாத்திரை தைராய்டு குறைவை மறைக்கிறது. இதைவிடக் குசும்பான வட்டம் ஒன்றை நான் பார்த்ததில்லை. எனவே பயோட்டின் உள்ள எதையும் சோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். அளவு அதிகம் என்றால் இன்னும் எத்தனை நாள் என்று கேளுங்கள்.

காலை நேரத்தில் கொடுங்கள். டி.எஸ்.எச். விடியற்காலையில் கூடி, பகலில் குறையும். அடுத்த முறையும் அதே நேரத்தில், முடிந்தால் அதே ஆய்வகத்தில் கொடுத்தால்தான் இரண்டு எண்களையும் ஒப்பிட முடியும். இந்தச் சோதனைக்கு மட்டும் என்றால் வெறும் வயிறு கட்டாயமில்லை. கூடவே சர்க்கரை பார்ப்பதாக இருந்தால் வேண்டும். காய்ச்சலில் படுத்து எழுந்த கையோடு போகாதீர்கள். உடம்பு தேறும் காலத்தில் டி.எஸ்.எச். தற்காலிகமாக ஏறலாம்.

எழுபது சோதனை, எண்பது சோதனை என்று தொகுப்பாக விற்கும் "முழு உடல் பரிசோதனை"களில் எனக்கு நம்பிக்கை இல்லை. எழுபது எண்களில் குறைந்தது இரண்டு எண்கள் எல்லைக் கோட்டைத் தாண்டத்தான் செய்யும். அதைத் துரத்திக்கொண்டு இன்னும் நான்கு சோதனைக்குப் போவீர்கள். தொடக்கத்துக்கு டி.எஸ்.எச்., அதோடு ஃப்ரீ டி4 (ரத்தத்தில் இருக்கும் தைராக்ஸினின் அளவு), ரத்த அணுக்கள், சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் போதும் என்பது என் அனுபவம். தைராய்டு குறைந்தால் கெட்ட கொழுப்பு ஏறும் என்பதால் கொழுப்புச் சோதனைக்கு இங்கே வேலை உண்டு. டி3 என்ற இன்னொரு தைராய்டு ஹார்மோனின் சோதனை தைராய்டு குறைவைக் கண்டுபிடிக்க அவ்வளவாக உதவாது.

தாளைப் படிப்பது

டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரப்பது அன்று. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, "வேலை செய்" என்று தைராய்டுக்கு அனுப்பும் அதட்டல் அது. பிள்ளை எழுந்திருக்காவிட்டால் அம்மாவின் குரல் உயர்கிறது அல்லவா, அப்படி. தைராய்டு சோம்பினால் டி.எஸ்.எச். ஏறும். எண் ஏறியிருந்தால் "தைராய்டு அதிகம்" என்று தலைகீழாகப் புரிந்துகொள்பவர்கள் நிறையப் பேர். நானும் ஒரு மணி நேரம் அப்படி நினைத்தேன்.

பெரியவர்களுக்கு ஏறக்குறைய 0.4 முதல் 4 அல்லது 4.5 வரை இயல்பு. ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று மாறும், தாளிலேயே ஓரத்தில் இருக்கும். வயது ஏற ஏற மேல் எல்லையும் சற்று உயரும். டி.எஸ்.எச். ஏறி, ஃப்ரீ டி4 குறைந்திருந்தால் ஐயமில்லை, மருந்து வேண்டும். டி.எஸ்.எச். மட்டும் ஏறி, டி4 சரியாக இருந்தால் அது தொடக்க நிலை. பத்துக்கு மேல் போனால் பெரும்பாலும் மருந்து தொடங்குவார்கள். ஐந்துக்கும் பத்துக்கும் இடையே என்றால் இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள், தானாகவே இறங்குவதும் உண்டு. 5.6 என்ற எண்ணைப் பார்த்து அழுதுகொண்டே வந்த பக்கத்து வீட்டு மதினிக்கு நான் சொன்னது இதுதான். மூன்று மாதத்தில் 3.8 ஆனது. எதிர்ப்புச் சக்தி தைராய்டைத் தாக்குகிறதா என்று காட்டும் ஆன்டி டி.பி.ஓ. என்ற எதிர்ப்பொருள் சோதனையை ஒருமுறை செய்தால் போதும், மாதாமாதம் காசைக் கொட்ட வேண்டாம்.

கருவுற்றிருப்பவர்களுக்கும், குழந்தைக்குத் திட்டமிடுபவர்களுக்கும் மேலே சொன்ன காத்திருப்புக் கணக்கு பொருந்தாது. அவர்கள் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு முதல் மாதங்களில் தாயின் தைராக்ஸின்தான் ஆதாரம். ஏற்கெனவே மாத்திரை போடுபவர், நாள் தள்ளிப்போனது உறுதியான அன்றே சொல்லிவிட வேண்டும், அளவைக் கூட்டுவார்கள்.

டி.எஸ்.எச். இயல்பாக இருந்தும் டி4 குறைந்திருந்தால், சிக்கல் பிட்யூட்டரியில் இருக்கலாம். பிரசவத்தில் மிக அதிகமாக ரத்தம் போய், பிறகு பாலும் சுரக்காமல், மாதவிலக்கும் திரும்பாமல் இருப்பவர்கள் அந்தப் பிரசவக் கதையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அது இருபது ஆண்டு பழைய கதையாக இருந்தாலும் சரி.

மாத்திரையும் காபியும்

மாத்திரையின் பெயர் லெவோதைராக்ஸின். சுரப்பி தராததை வெளியிலிருந்து தருவது, அவ்வளவே. 1891இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மரே என்ற மருத்துவர் ஆட்டுத் தைராய்டின் சாற்றைத் தைராய்டு குறைந்த ஒரு பெண்ணுக்கு ஊசியாகப் போட்டார். அந்தப் பெண் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அடுத்த ஆண்டே இன்னொருவர், ஆட்டுத் தைராய்டை லேசாக வறுத்துக் கொடுத்தாலே போதும் என்று எழுதினார். ஆட்டில் எதையும் வீணாக்காத மதுரைக்காரர்களுக்கு இது வியப்பாக இருக்காது. ஆனால் இன்று அந்த வழி வேண்டாம். மாத்திரையில் மைக்ரோகிராம் கணக்காக அளந்து வருகிறது. முழு அளவு பெரும்பாலும் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்று கணக்கிடுவார்கள். முதியவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் மிகக் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். அதனால் அக்காவின் பாட்டிலிலிருந்து நாமே எடுத்துப் போட்டுப் பார்ப்பது கூடாது.

வெறும் வயிற்றில், தண்ணீரோடு, காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு போட வேண்டும். இதுவரை யாருக்கும் சிரமமில்லை. சிரமம் காபியில் தொடங்குகிறது. ஐந்தரைக்குப் பால் வந்து, ஆறுக்குள் டிகாஷன் இறங்கிவிடும் வீடு எங்களுடையது. மாத்திரையைக் காபியோடு விழுங்கினால் குடலில் அது சரியாகச் சேராது. தேநீர், பால் எல்லாம் அதே கதை. முதல் மூன்று மாதம் நான் மாத்திரையைப் போட்டுவிட்டு உடனே டம்ளரைக் கையில் எடுத்தேன். எண் 41லிருந்து 19க்கு வந்து அப்படியே நின்றுவிட்டது. அளவைக் கூட்ட வேண்டுமோ என்று மருத்துவர் யோசிக்கும்போதுதான், "காபி எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். காபியை ஒரு மணி நேரம் தள்ளிவைத்ததும், அளவு கூட்டாமலே எண் இறங்கியது. இப்போது மாத்திரை பாட்டில் தலைமாட்டில் தண்ணீர்ச் சொம்போடு இருக்கிறது. முதல் விழிப்பில் விழுங்கிவிட்டு, வாசல் தெளித்துக் கோலம் போட்டு, பூ பறித்து முடித்தால் ஒரு மணி நேரம் ஓடிவிடுகிறது.

காலை ஒத்துவராதவர்கள், இரவு உணவு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாமா என்று கேளுங்கள். ரமலான் நோன்பிருக்கும் என் தோழிக்கு அப்படித்தான் மாற்றிக் கொடுத்தார்கள். சஷ்டி, வெள்ளி விரதம் என்று மாத்திரையை விடாதீர்கள்.

சத்துக்காகத் தரும் இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை இரண்டுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கர்ப்பிணிகளுக்கு மூன்றையும் ஒன்றாகக் கொடுத்திருப்பார்கள். மூன்றையும் ஒரே வாயில் போட்டுக்கொண்டால் தைராய்டு மாத்திரை வீண். வயிற்று எரிச்சலுக்குப் போடும் கேஸ் மாத்திரையும் இதன் வேலையைக் குறைக்கும், அதையும் சொல்லுங்கள். பாட்டிலை அடுப்பு மேடையிலும், வெயில் விழும் ஜன்னலிலும், பூட்டிய காரிலும் வைக்காதீர்கள். நம் ஊர் சித்திரை வெயில் மருந்தைக் கெடுத்துவிடும். நிறுவனத்தை அடிக்கடி மாற்றாமல் ஒரே பிராண்டில் இருங்கள்.

ஒரு நாள் மறந்தால் உலகம் முழுகிப்போகாது. இந்த மருந்தின் பாதி உடம்பைவிட்டுப் போகவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால்தான் அளவு மாற்றிய பிறகு ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்தே மறுபடி ரத்தம் பார்க்கச் சொல்கிறார்கள். இரண்டாம் வாரமே போய்ப் பார்ப்பது காசுக்குக் கேடு. சோதனை நாளன்று ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போடுங்கள். எண் சரியானதும் நிறுத்திவிடுவது நம் ஊரில் பலரும் செய்வது. மாத்திரையால்தான் அது சரியாக இருக்கிறது. நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வந்தால் அளவு அதிகமாகியிருக்கலாம், உடனே சொல்லுங்கள். தைராய்டு சரியாக இருப்பவர் இளைப்பதற்காக இதைப் போட்டால் இதயத்துக்கும் எலும்புக்கும் கேடு.

நீண்ட நாள் மருந்தை விட்ட முதியவர் ஒருவர், உடம்பு சில்லிட்டு, எழுப்பினாலும் எழாமல் தூக்கக் கலக்கத்தில் உளறினால், அது அவசர நிலை. 108ஐ அழையுங்கள்.

சாப்பாடும் எடையும்

முட்டைக்கோசைத் தொடாதே, காலிஃபிளவரைத் தொடாதே என்று ஆளுக்கொரு பட்டியல் நீட்டுவார்கள். சமைத்து, சாதாரண அளவில் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. சோயா சாப்பிடுபவர்கள் மாத்திரையிலிருந்து தள்ளிச் சாப்பிடுங்கள். உப்பில் அயோடின் சேர்ப்பது 2006 முதல் நாடெங்கும் கட்டாயம். "இயற்கை" என்று இந்துப்புக்கு மாறுபவர்கள் இதை நினைவில் வையுங்கள். அதே நேரம், ஹஷிமோட்டோ வகையில் அயோடின் சொட்டு மருந்தைக் கூடுதலாக வாங்கிக் குடிப்பதால் நன்மை இல்லை, கெடுதல் உண்டு.

மாத்திரை தொடங்கிய முதல் இரண்டு மாதத்தில் முகத்தின் ஊதல் வற்றும், மோதிரம் தளரும். எடை இறங்குவது அதற்குப் பின்னால், நிதானமாக. எனக்கு எடைக்கு முன்பே திரும்பி வந்தது தெம்பு. தெப்பக்குளத்தை ஒரு சுற்று வந்தாலே மேல்மூச்சு வாங்கியவள், நான்காம் மாதம் நிற்காமல் மூன்று சுற்று வந்தேன். மீதியிருந்த ஏழு கிலோ தைராய்டின் கணக்கில் இல்லை. அது இரண்டு ஆண்டு அசையாமல் உட்கார்ந்ததன் கணக்கு, சோர்வுக்கு மருந்தாக மாலையில் தின்ற இனிப்பு பன்னின் கணக்கு, கீழமாசி வீதிப் பக்கம் போகும்போதெல்லாம் குடித்த ஜிகர்தண்டாவின் கணக்கு. அதை நடந்துதான் கழிக்க வேண்டியிருக்கிறது, இன்னும் மூன்று பாக்கி.

தைராய்டு குறைவு இல்லை என்று வந்தால்

சிலருக்கு அந்தத் தாள் கையில் கிடைத்ததும் உண்மையிலேயே ஏமாற்றமாக இருக்கும். காரணம் தெரிந்துவிடும் என்று போனவருக்கு "எல்லாம் நார்மல்" என்பது பதில் இல்லை. அங்கே நிற்காதீர்கள். மாதவிலக்கு ஒழுங்கில்லாமல், முகத்தில் முடி வளர்ந்தால் சினைப்பை நீர்க்கட்டி. சத்தமான குறட்டையும் பகல் தூக்கமும் என்றால் தூக்கத்தில் மூச்சு நிற்கும் கோளாறு. முகம் வட்டமாகி, மாடிப்படி ஏறத் தொடை வலுவிழந்தால் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் மிகை. பிரசவமான ஓராண்டுக்குள் தைராய்டு ஏறி இறங்கி ஆட்டம் காட்டும், அதனால் ஒரே சோதனையோடு விட்டுவிடக் கூடாது. மாதவிடாய் நிற்கும் வயது, இரவுப் பணி, மனச்சோர்வு எல்லாமே எடையில் கை வைக்கும். அதே நோட்டை எடுத்துக்கொண்டு, "தைராய்டு குறைவு இல்லை என்றால் அடுத்து எதைப் பார்க்க வேண்டும்?" என்று கேளுங்கள். சரியான பதில் கிடைக்காவிட்டால் இன்னொரு மருத்துவரைப் பாருங்கள். எனக்கு மூன்றாவது மருத்துவர்தான் அமைந்தார்.

எண் நிலைப்பட்ட பிறகு ஆறு மாதம் அல்லது ஓராண்டுக்கு ஒரு சோதனை போதும். ரசீதுகள் அச்சு மங்கிப் போவதற்குள் ஒரு நகல் எடுத்து, தாள்களைத் தேதி வரிசையில் ஒரே கவரில் வையுங்கள். நான் அந்தக் கவரைத் தையல்காரரிடமிருந்து எழுதி வாங்கி வந்த அளவுப் பட்டியலோடு பீரோவில் வைத்திருக்கிறேன். போன ஆவணியில் என் தங்கைக்குக் கல்யாணப் பேச்சு முடிந்ததும் அந்தக் கவரை அவள் கையில் கொடுத்து, நாளைக் காலையே போய் டி.எஸ்.எச். பார்த்துவிட்டு வா என்று அனுப்பினேன். 7.2. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லியிருந்தார்கள். கல்யாணம் முடிந்து குழந்தை வேண்டுமென்று நினைப்பதாகச் சொன்னதும், அன்றைக்கே 25 மைக்ரோகிராம் எழுதிக் கொடுத்தார்கள்.